தொட்டில்களுக்குப் பக்கத்தில் நாலு கம்பியூட்டர்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் வாசலில் ஒரு பழைய சேலை தொங்கும். பச்சைக் கரை போட்ட மெல்லிய நூல் சேலை. மற்ற நேரத்தில் அதைச் சுருட்டி நிலைக்கு மேலே கட்டி வைத்திருப்பேன். பகல் கொழுந்து நிறுத்து முடிந்து, தாய்மார் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வரும்போது முடிச்சை அவிழ்த்து விடுவேன். சேலை இறங்கிவிட்டால் ஆம்பளை யாரும் உள்ளே வரக்கூடாது. கங்காணி வரமாட்டார், அவருக்கு மேலே இருக்கிற கண்டாக்கும் வரமாட்டார். தொரையே வந்தாலும் வெளியில் நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவார். இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எங்க அம்மா கொழுந்து எடுத்த காலத்திலும் அப்படித்தான் இருந்தது.

நான் அங்கே ஆயாவாக இருந்தேன். வேலைக்குப் போகிற தாய்மாரின் கைப்பிள்ளைகளைக் காலையில் வாங்கித் தொட்டிலில் போட்டு, அவர்கள் சாயந்தரம் வரும் வரைக்கும் பார்த்துக்கொள்வது என் வேலை. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பிள்ளைகளோடு இருக்கிற வேலை எனக்கு ஒத்துப் போனது. அவர்கள் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்காரர் போன பிறகு நானும் மகளும்தான். பூண்டுலோயா பக்கம் எங்கள் தோட்டம். தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசைக்கு கரண்ட் இல்லை. போத்தல் விளக்கில் படித்துப் படித்து மகளின் மூக்குக்குள் கரி பிடித்துக் கிடக்கும். அப்போதுதான் ஏதோ ஒரு திட்டத்தில் பிள்ளைக்காம்பராவைத் திருத்திக் கட்டினார்கள். ஃபெக்டரிக்குப் பக்கத்தில் இருந்ததால் அங்கிருந்தே கம்பி இழுத்து ரெண்டு பல்பும் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு மகள் அங்கே வந்து உட்கார்ந்து படிப்பாள். நான் தொட்டில் துணிகளை மடித்துக்கொண்டு கூட இருப்பேன். அந்த ரெண்டு பல்புக்கும் நான் இன்றைக்கும் கடன்பட்டவள். அவள் பரீட்சை பாஸ் பண்ணினாள். தோட்டத்துப் பிள்ளைகளை எடுத்து ஆசிரியராக்குகிறார்கள் என்று வந்தபோது எழுதிப் போட்டு, எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தாள். முதல் நாள் சேலை கட்டிக்கொண்டு லயத்து வாசலில் இறங்கினபோது, பக்கத்துக் காம்பராக்காரி சத்தமாகச் சொன்னாள்:

"அக்கா, இனிமே ஒங்க மகள வாடி போடின்னு கூப்புட முடியாது போல. நமக்குத்தான் நட்டம்."

இந்தப் பக்கத்துக் காம்பராக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயத்தில் ஒரு வீடு என்பது ஒரு காம்பராதான்; அவளும் நானும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். என்னைவிட ரொம்ப இளையவள். நான் பேசாததையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். மூணு பொட்டைப்பிள்ளைகளுக்குப் பிறகு அப்போதுதான் ஒரு கைப்பிள்ளை. அதுவும் பகலில் என் பிள்ளைக்காம்பராத் தொட்டிலில்தான்.

பள்ளிக்கூடத்துப் பெரிய சேர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியாக, எப்போதும் வெள்ளைச் சேட்டோடு இருப்பார். வடக்கில் சண்டை நடந்த பிரச்சினை காலத்தில் மலைக்கு வந்தவர், திரும்பிப் போக முடியாமல் எங்களோடேயே இருந்துவிட்டார். ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நாட்டிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் கம்பியூட்டர் படிக்க வேண்டும், தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுக்கப் போகிறோம், ஒரு டீச்சரைப் பயிற்சிக்கு அனுப்பு என்று. என் மகளைத்தான் அனுப்பினார்.

அரசாங்கம் எங்களை நினைத்ததே எனக்குப் பெரிசாகப் பட்டது. நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் என்பது உட்கார ஒரு வாங்குப் பலகையும் ஒரு வாத்தியாரும்தான். அவரும் பாதி நாள் தோட்டத்துக் கணக்கு எழுதப் போய்விடுவார். இப்போது கொழும்பிலிருந்து ஒரு லொறி காலையில் ஆட்களுக்குப் பேர் போடுகிற பெரட்டுக் களத்தில் வந்து நின்று நாலு கம்பியூட்டரை இறக்கியது. தோட்டத்துச் சங்கத் தலைவர் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, லொறிக்காரனுக்கும் பொட்டு வைத்து விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கரண்ட் மட்டும் இல்லை.

பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. கம்பம் நட்டுக் கம்பி இழுக்க எழுதிப் போட்டிருக்கிறது, வரும் என்றார்கள். கம்பியூட்டர் வைக்கிறதுக்குப் போட்ட சட்டத்தில் என்ன இருந்தது என்று மகள்தான் சொன்னாள். தனி அறை வேண்டும், கரண்ட் வேண்டும், ஜன்னலுக்கு இரும்புக் கம்பி வேண்டும். இதெல்லாம் இல்லாத இடத்தில் மெஷினைப் பூட்டி வைத்திருந்தால், திரும்ப எடுத்து இருக்கிற இடத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"மெஷின எடுத்தா எடுத்துக்கட்டும். நீ பாட்டுக்கு ஒன் வகுப்ப நடத்து" என்றேன்.

"இல்லம்மா. என்னைய அதுக்குன்னுதான் பயிற்சிக்கு அனுப்புனாங்க. மெஷின் எங்க போகுதோ, அங்கதான் என்னையும் போடுவாங்க."

"எங்க போகும்?"

"நுவரெலியாவுக்கு அங்கிட்டு எங்கயாச்சும்."

அதற்குப் பிறகுதான் அந்த நாலு பெட்டியும் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன.

பெரிய சேர் ஒரு வாரம் யோசித்தார். ஒரு நாள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்தார். பல்பைப் போட்டு அணைத்துப் பார்த்தார். பிறகு மகளிடம் சொன்னார்:

"பிள்ளை, கரண்ட் இப்போதைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வராது போல கிடக்கு. அப்ப பள்ளிக்கூடம் கரண்ட் இருக்கிற இடத்துக்குப் போகட்டும்."

தொரையிடம் அவரே போய்க் கேட்டார். தொரை சரி என்றார், ஆனால் தாய்மார் சம்மதிக்க வேண்டும் என்றார். காம்பராவில் பாதி இடம் போகும். தொட்டில்களை நெருக்கிக் கட்ட வேண்டும். பெரிய சேர் தாய்மாரைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் பேச்சு பாதி எங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை. ஒருத்தி எழுந்து, "அந்த வெளிச்சம் புள்ளைங்க கண்ணுல பட்டா ஒண்ணும் ஆகாதுங்களா சேர்?" என்று கேட்டாள். இன்னொருத்தி, சூட்டில் பிள்ளைக்குச் சளி கட்டுமா என்றாள்.

பக்கத்துக் காம்பராக்காரிதான் முடித்து வைத்தாள். "இத்தன வருசம் பனியில கெடந்து சளி கட்டுச்சு. கொஞ்சம் சூட்டுல கட்டட்டுமே, மாறுதலா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அப்படித்தான் பள்ளிக்கூடம் எங்கள் காம்பராவுக்குள் வந்தது. ஒரு பக்கம் சேலைத் தொட்டில்கள், மறு பக்கம் மேசை போட்டு நாலு கம்பியூட்டர். காலையில் ஆம்பளைப் பிள்ளைகள் மேட்டிலிருந்து இறங்கி வந்து படித்துவிட்டுப் போவார்கள். பகலில் தாய்மார் வருகிற நேரம் என்பதால், அதைப் பொம்பளைப் பிள்ளைகளின் நேரமாக மகள் ஒதுக்கிவிட்டாள். பனி மூடினால் மெஷினில் ஈரம் இறங்கும். நாங்கள் மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கைப் போலவே நல்ல ரப்பர் துணியில் மகள் உறை தைத்து ஒவ்வொன்றுக்கும் போட்டு வைத்தாள். அதுகளும் கொழுந்து எடுக்கப் போகிற மாதிரி இருக்கும்.

நான் பயந்தது போல ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தட்டுகிற சத்தத்தில் பிள்ளைகள் அழகாகத் தூங்கின. பள்ளிக்கூடம் லீவு என்றால்தான் எழுந்து கத்தும்.

அந்த வருசம்தான் சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. பெரிய சேர் பல வருசத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டார். போவதற்கு முன், இன்னும் ரெண்டு கம்பியூட்டர் கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய் ரெண்டு நாள் இருக்கும். எங்கள் தோட்டத்து ரோட்டில் வாகனம் ஏறினால் கீழ் வளைவிலிருந்தே தெரியும். குழியும் கல்லுமாக இருப்பதால் மேலே வந்து சேர நேரம் ஆகும். தலைவர் ஓடி வந்தார்.

"ஆயாம்மா, கந்தோர் லொறி வருது! பெரிய சேர் கேட்ட ரெண்டு பெட்டியும் வந்துருச்சு போல. ஒங்க வாசல்ல பூ இருக்கில்ல, வெரசா ஒரு மாலை கட்டுங்க!"

வாசலில் நான் செவ்வந்தி வைத்திருந்தேன். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, கிடைத்த நூலில் கட்டிக் கொடுத்தேன். லொறி வந்து நின்றது. முன்னால் வந்த வேனிலிருந்து கல்வி ஆபீஸ் ஐயா ஒருவர், நாங்கள் சொல்கிற கந்தோர் ஐயா, இறங்கினார். சிங்கள ஆள். நல்ல முகம், ஆனால் மலை ரோட்டில் வந்து களைத்திருந்தார். அவர் வாய் திறப்பதற்குள் தலைவர் மாலையைப் போட்டு, சந்தனம் வைத்து, தேங்காயையும் உடைத்துவிட்டார்.

ஐயா மாலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அரைகுறைத் தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"நான் கம்பியூட்டர் கொண்டு வரல்ல. கம்பியூட்டர் கொண்டு போறது."

தலைவர் கையில் தேங்காய் மூடி அப்படியே நின்றது.

சொன்ன காரணம் இதுதான். அரசாங்கச் சாமான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். தோட்டத்துக் கட்டிடத்தில் வைக்கச் சட்டம் இல்லை. அதுவும் பிள்ளை தூங்குகிற இடத்தில் சும்மா கிடக்கிறது என்று யாரோ மேலே சொல்லியிருக்கிறார்கள். மகள் வெளியே வந்து சிங்களத்தில் என்னவோ சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், அதட்டவில்லை. லொறியில் வந்த ரெண்டு பேரும் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

எனக்கு எத்தனையோ சொல்ல வேண்டும் போல இருந்தது. ஐயா, சும்மா கிடக்கவில்லை, உள்ளே பிள்ளைகள் படிக்கிறார்கள், கேளுங்கள் என்று. ஒரு சொல் வெளியே வரவில்லை. அவர் வாசற்படிக்கு வந்துவிட்டார். அந்த நேரம் மலையில் பகல் கொம்பு ஊதியது. என் கை தானாக மேலே போய் முடிச்சை அவிழ்த்தது. சேலை அவர் முகத்துக்கு முன்னால் இறங்கியது.

"மொக்கத மே?" என்றார், இது என்ன என்று.

தலைவருக்கு அப்போது உயிர் வந்தது. "ஐயா, தாய்மார் பால் குடுக்க வர்றாங்க. இந்த நேரம் ஆம்பளைங்க உள்ள போறதில்லைங்க. தொரையும் போகமாட்டாரு."

ஐயா உடனே பின்னால் நகர்ந்து கொண்டார். அந்த நகர்ந்ததற்காகவே அவரை நான் மறக்க மாட்டேன். அதிகாரத்தில் இருக்கிற ஆள் சேலையைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். அவர் வரவில்லை. கூரை ஓரத்து இறவாணத்துக்குக் கீழே போய் நின்றார். மழையும் பிடித்துக்கொண்டது.

தாய்மார் கூடைகளை வெளியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரி தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்:

"புதுப் பெட்டி வந்துருக்காமே அக்கா?"

"எடுத்துட்டுப் போக வந்துருக்காங்க" என்று காதோடு சொன்னேன். "மகளும் போயிருவா."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, சுவரில் சாய்ந்து, காலை நல்லா நீட்டி உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஆத்தாமாருங்களா, இன்னைக்கு அவசரம் இல்ல" என்றாள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொம்பளைப் பிள்ளைகளிடம் போனாள். "நீங்க ஏன் நிப்பாட்டுனீங்க? அடிங்க" என்றாள். நாலு மெஷினிலும் தட்டுகிற சத்தம் தொடங்கியது. மகள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு அடித்தார்கள். இந்தப் பக்கம் சின்னதுகள் சப்புகிற சத்தம், அந்தப் பக்கம் அது.

நேரம் போனது. மலைக்குத் திரும்பச் சொல்லி மறுபடியும் கொம்பு ஊதியது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

வெளியிலிருந்து ஐயா கேட்டார், "முடிஞ்சதா?"

"டிக்கக் இன்ன மாத்தயா!" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி, கொஞ்சம் இருங்க என்று சிங்களத்தில். "எங்க புள்ள மெதுவாத்தான் குடிக்கும். அவுங்க அப்பன் மாதிரி."

பிள்ளை வாயைத் திறந்தபடி எப்போதோ தூங்கிப் போயிருந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கங்காணி மேட்டுப் பாதையில் கத்திக்கொண்டு வந்தார். "என்னங்கடி, புள்ளைக்குப் பாலு குடுக்கிறீங்களா, இல்ல பள்ளிக்கூடம் சேத்து பாஸாக்கிட்டுத்தான் வருவீங்களா? இப்ப வராதவளுக்கு அரைப்பேர்தான்!" பிறகு, கழுத்தில் செவ்வந்தி மாலையோடு நிற்கிற கந்தோர் ஐயாவைக் கண்டார். சத்தம் பாதியில் நின்றது. அவரும் சேலையைத் தாண்ட முடியாமல், ஐயாவுக்குப் பக்கத்தில் இறவாணத்தில் ஒதுங்கி நின்றார்.

"அரைப்பேர் போடுங்க கங்காணி" என்று உள்ளிருந்து அவள் சொன்னாள். "முழுப்பேர வச்சு நாங்க என்ன பங்களாவா கட்டப் போறோம்?"

அரை நாள் சம்பளம் அவளுக்குச் சின்ன விசயம் இல்லை. நாலு பிள்ளைக்காரி.

நான் பால் இல்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றி, சேலையின் ஓரத்தால் கையை மட்டும் நீட்டி ஐயாவுக்குக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். குடித்துக்கொண்டே உள்ளே நடக்கிறதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சேலைக்கு வெளியில் நின்றபடியே மகளிடம் சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை வகுப்பு வருகிறது, ஒவ்வொரு நாளும் வருகிறதா, ஈரத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று. மகள் பதில் சொன்னாள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவரே சிங்களத்தில் ஏதோ சொல்லி அடிக்கச் சொன்னார். அது அடித்துவிட்டு எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டியது. ஓரிடத்தில் பிழை விட்டது போல. அவர் சிரித்தார்.

கடைசியில் தாய்மார் பிள்ளைகளைத் தொட்டிலில் விட்டு, நான் சேலையைச் சுருட்டிக் கட்டியபோது மழை விட்டிருந்தது. ஐயா உள்ளே வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். கயிற்றோடு நின்ற ரெண்டு பேரையும் லொறியில் ஏறச் சொன்னார். பிறகு எல்லாருக்கும் கேட்க, அவருடைய தமிழில் சொன்னார்:

"போன கிழமை ஒரு ஸ்கூல் போனது. ரூம் சரி, கரண்ட் சரி, கதவு பூட்டு. சாவி பிரின்சிபல் வீட்டுல. பெட்டி இன்னும் ஒடைக்கல்ல. அங்க சட்டம் இருக்கு, பிள்ளைகள் இல்ல. இங்க பிள்ளைகள் இருக்கு, சட்டம் இல்ல. சட்டம் கொஞ்சம் செஞ்சு குடுங்க."

நடுவில் பலகை அடிக்க வேண்டும், மெஷின் பக்கத்துக்குத் தனி வாசல் வைக்க வேண்டும், மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு கரண்ட் வரும் வரைக்கும் அந்தப் பாதி பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று தொரை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மாதத் தவணை கொடுத்தார். மாலையைக் கழற்றி, திருப்பிக் கொடுப்பதா கொண்டு போவதா என்று தெரியாமல் நின்றார். தலைவர், "வச்சுக்கங்க ஐயா, இது இப்பத்தான் ஒங்களுக்குப் போட்டது" என்றார்.

தொரை எழுதிக் கொடுத்தார். ஃபெக்டரி ஸ்டோரில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகையில் தச்சு வேலை செய்கிற பாஸ் மறைப்பு அடித்தார். பெட்டியில் அடித்திருந்த இங்கிலீஸ் எழுத்துகள் சிலது நேராகவும் சிலது தலைகீழாகவும் தெரியும். பிள்ளைகள் அதைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரிய சேர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "நான் ரெண்டு மெசின் கேட்டன். நீங்கள் ஒரு பள்ளிக்கூடமே கட்டிப் போட்டியள்" என்றார். எனக்கு ஓலையில் பின்னின ஒரு பனங்கட்டிக் குட்டான், பனைவெல்லம், கொடுத்தார்.

மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு கரண்ட் வருவதற்குச் சில வருசம் பிடித்தது. அதுவரைக்கும் மகள் அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவள் குரலைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டிருக்கிறேன். பிறகு அவள் கல்யாணமாகி நோர்வூட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனாள். அது போக வேண்டிய நேரத்தில் போனது. அதில் எனக்குக் குறை இல்லை.

கந்தோர் ஐயாவுக்கு மகள் நன்றி எழுதிப் போட்டாள். பெரிய சேருக்கும் தொரைக்கும் தலைவர் கூட்டத்தில் சொன்னார். பக்கத்துக் காம்பராக்காரிக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழுந்தது. நான் சொல்ல வேண்டும் என்று பல நாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்றே தெரியாது.

ஆனால் அந்தப் பலகை மறைப்பில் ஒரு இடம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் மெஷின்களின் முதுகு. எந்தப் பனியிலும் அந்த இடத்தில் பலகை கொஞ்சம் இளஞ்சூடாக இருக்கும். கையை வைத்துப் பார்த்தால் தெரியும். அங்கே ஒரு தொட்டில்தான் கட்டலாம். அவள் பிள்ளையின் தொட்டிலைத்தான் நான் அங்கே கட்டினேன், அது நடந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும்.

ஒரு நாள் அவள் கவனித்துவிட்டாள். "ஏன்க்கா, எம்புள்ளைக்கு மட்டும் எப்பவும் அந்த மூலை?"

"அங்க தூவானம் அடிக்காது" என்றேன்.

அவள் பலகையில் கையை வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.